பாயசத்துக்கு முன் எழுந்தவன்

எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஓர் அறை இருக்கிறது. அதற்குப் பெயர் 'கிராஜுவிட்டி ரூம்.' "ஏனுங்க, கொடியில இருந்த துணியெல்லாம் கிராஜுவிட்டிக்குள்ள போட்டிருக்கறேன், மடிச்சு எடுத்துட்டு வாங்க" என்று என் மனைவி கீழேயிருந்து கூப்பிட்டால், தெருவில் போகிறவர்கள் நான் ஏதோ பெரிய தொகை வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன் என்றுதான் நினைப்பார்கள். வாங்கியவர் என் அப்பா. நான் துணி மடிக்கிறவன்.

அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் 34 வருஷம் இருந்தார். 1992இல் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை அப்படியே செங்கல்லும் சிமெண்டுமாக மாற்றி மாடியில் வைத்துவிட்டார். கொத்தனார் வேலை முடித்துப் போன அன்று, இன்னும் ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கணக்கும் போட்டார். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே: 2340 ÷ 26 = 90. 90 × 15 = 1350. 1350 × 34 = 45,900. கடைசி எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு.

அதன் பிறகு அந்த அறைக்கு நாலு முறை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அம்மா பெயிண்டர் பக்கத்திலேயே நின்று, "அந்தக் கணக்குல மட்டும் பிரஷ் படக்கூடாது சாமி" என்று காவல் காத்தாள். க்ரீம், இளநீலம், பச்சை, இப்போது லாவண்டர். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பழைய சுண்ணாம்புச் சதுரம், கண்ணாடி போடாத படம் மாதிரி. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் முருகன் இருப்பார்.

நான் பி.காம். படித்தவன். அப்பா எட்டாவது. ஆனால் அந்த மூன்று வரியில் இருக்கும் சட்டம் எனக்குப் புரிய 20 வருஷம் ஆயிற்று. அப்பா காலத்துச் சட்டத்தில் மாசச் சம்பளம் என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டும். அதை 30ஆல் வகுக்காமல் 26ஆல் வகுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் மாசத்துக்கு வேலை நாள் 26தானே. 1987இல் சட்டத்திலேயே இதை எழுதிச் சேர்த்துவிட்டார்கள். வகுக்கிற எண் சிறிதானால் வருகிற பணம் பெரிது. தொழிலாளிக்குச் சாதகமான வகுத்தல் கணக்கு உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்படி வரும் ஒரு நாள் கூலியை 15ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கான தொகை. கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தால் அதையும் முழு வருஷமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாசலில் ஒரு வாட்ச்மேன் நிற்கிறார். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஐந்து வருஷம் இருந்தவனைத்தான் உள்ளே விடுவார்.

தமிழில் இதற்குப் பணிக்கொடை என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் வம்பு. கொடை என்றதும் நமக்குப் பாரி ஞாபகம் வந்துவிடுகிறது. முல்லைக்குத் தேர் கொடுத்தபோது, அந்தக் கொடி அதே இடத்தில் ஐந்து வருஷம் படர்ந்ததா, நடுவில் பக்கத்து மலைக்குப் போய்விட்டு வந்ததா என்று பாரி விசாரித்ததாகத் தெரியவில்லை. உண்மையில் ஒரு காலத்தில் இது முதலாளி மனசு வைத்தால் கொடுக்கிற கொடையாகத்தான் இருந்தது. கேரளம் 1970இலும் மேற்கு வங்கம் 1971இலும் ஆலைத் தொழிலாளிக்கு இதைச் சட்டமாக்கின. 1972இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்து, கொடை உரிமையாகிவிட்டது. எனக்கு மட்டும் அது இன்னும் கொடையாகவே, அதுவும் யாருக்கோ கிடைக்கிற கொடையாகவே இருக்கிறது.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்தது 1999. என் சகலை வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அதே 1999. அவர் சேர்ந்த கம்பெனியிலேயே இன்றுவரை இருக்கிறார். அதே நாற்காலி என்று சொல்லமாட்டேன், நாற்காலியை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்களாம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து மனம் நொந்து பேசினார். "அண்ணா, என்னோட பேசிக் இப்ப ஒண்ணு முப்பது. வருஷத்துக்கு 75,000 வீதம் 27 வருஷத்துக்கு 20,25,000 வருது. ஆனா உச்சவரம்பு 20 லட்சம்தானாம். 2018ல அப்படி வெச்சுட்டாங்க. எனக்கு 25,000 நஷ்டமுங்க." சொல்லும்போது அவர் கண்கலங்கினார். ரசத்தில் காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு உச்சவரம்புப் பிரச்சினை. எனக்கு வாசற்படிப் பிரச்சினை. அதே 27 வருஷத்தில் நான் வாங்கிய கிராஜுவிட்டி, பந்தியில் அப்போது என் இலையில் இருந்த பாயசத்தின் அளவு. பாயசம் இன்னும் வந்திருக்கவில்லை.

முதல் வேலை ஓர் ஆடிட்டர் ஆபீஸ். அங்கே நான் ஆறு வருஷம் இருந்தேன். ஆகா, ஐந்தைத் தாண்டிவிட்டாயே என்று நீங்கள் கைதட்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: சட்டம் பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான். எங்கள் ஆபீஸில் டைப்பிஸ்ட்டையும் டீ வாங்கி வரும் பையனையும் சேர்த்து ஒன்பது. ஒரு தடவை பத்துப் பேர் ஆகிவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் சட்டம் விடாது என்பது ஆடிட்டருக்குத் தெரியாதா? வருமான வரி சீசனில் வேலை நெருக்கும்போது தம் மச்சினனைக் கூட்டிவந்து ஒரு மேஜையில் உட்காரவைப்பார். அவர் விருந்தாளியாம். நான் கேட்டேனா? கேட்கவில்லை. விருந்தாளிக்கு காபியும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மூன்று வருஷம் ஒரு நூல் வியாபாரியிடம். அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. அவரே கம்பெனியைச் சொல்லாமல் மூடிவிட்டார்.

நான் உண்மையிலேயே என் திறமையைக் காட்டியது அடுத்த இடத்தில்தான். 2008 ஜூன் 2, திங்கட்கிழமை, நல்ல நேரம் பார்த்து ஒரு வார்ப்பட ஆலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். 2012 கடைசியில் வேறோர் இடத்திலிருந்து 5,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறோம் என்று அழைப்பு வந்தது. உடனே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸ் காலம் பிப்ரவரி 1 வரைக்கும். இந்த இடத்தில் என் மாமியார் உள்ளே வந்தார்.

"மாப்ள, மார்கழில புது வேலைக்குப் போகக்கூடாதுங்க. தை பொறந்ததும் மொத வாரத்துலயே சேர்ந்துருங்க. அதுக்கு மேல தள்ளிப்போட்டா நாள் சரியில்லீங்க."

அத்தை சொன்னதைத் தட்டுகிற வழக்கம் எனக்கில்லை. மேனேஜர் முன்னால் போய் நின்று, பொங்கலுக்கு முன் விடுவித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "மீதி இருபது நாள் நோட்டீசுக்குப் பணம் கட்டினா விட்டுடறோம்" என்றார். என் பேசிக் 26,000. அதையும் அவர்கள் 26ஆல்தான் வகுத்தார்கள். அந்த நீதியை நான் மெச்சினேன். நாளுக்கு ஆயிரம், இருபது நாளுக்கு இருபதாயிரம். எண்ணிக் கட்டிவிட்டு, ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஜனவரி 12 சனிக்கிழமை மாலை ஆலை வாசலில் எல்லாரோடும் கைகுலுக்கி வெளியே வந்தேன். வாட்ச்மேனுக்குக்கூட ஐம்பது ரூபாய் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

நாலு வருஷம், ஏழு மாதம், பதினொரு நாள்.

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் காம்பவுண்டுச் சுவரில் பேப்பரை விரித்துவைத்துப் படிப்பார். பொங்கல் கழிந்து ஒருநாள், "புது வேலையாமே? பழைய இடத்துல கிராஜுவிட்டி வாங்கிட்டீங்களா?" என்றார். அஞ்சு வருஷம் ஆகவில்லை ஐயா என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார். எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டு விரல் விட ஆரம்பித்தார். சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் ஒரு வழி சொல்லியிருக்கிறது, நாலு வருஷம் முடித்து ஐந்தாவதில் 240 நாள் இருந்தாலே ஐந்து வருஷம் இருந்த மாதிரிதான், அதை எல்லாக் கம்பெனியும் லேசில் ஒத்துக்கொள்ளாது, ஆனால் கேட்டு வாங்கியவர்கள் உண்டு என்று விளக்கியபடியே எண்ணி முடித்தார்.

"ஐந்தாவது வருஷத்துல நீங்க இருந்தது 225 நாள். பதினஞ்சு நாள் குறையுது. நோட்டீசை முழுசா முடிச்சிருந்தா 245. நோட்டீஸ் காலமும் சர்வீஸ்தான் தம்பி." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்.

சுவருக்கு இந்தப் பக்கம் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த என் மனைவி வாளியைக் கீழே வைத்தாள். அவளும் பி.காம். என்னைவிட ஆறு மார்க் அதிகம். அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி, கணக்குப் போட்டுவிட்டாள். "ஒரு வருஷத்துக்குப் பதினஞ்சாயிரம். அஞ்சு வருஷத்துக்கு 75,000 வர வேண்டியது போச்சு. அது போறதுக்கு நாமளே இருபதாயிரம் கட்டியிருக்கறோம். ஆகமொத்தம் 95,000. அங்க கூடக் குடுக்கறது மாசம் அஞ்சாயிரம். பத்தொம்பது மாசம் அங்க நீங்க சும்மா வேலை பாக்கோணும்."

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, "நீங்க பந்தியில பாயசம் வர்றதுக்குள்ள இலையை மடக்கற ஆளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சொன்னதுதான். பதின்மூன்று வருஷமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவள் எதிர்ப் பந்தியிலிருந்து என் இலையைப் பார்ப்பாள்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த வார்ப்பட ஆலை எனக்கு வருஷா வருஷம் ஒரு சம்பளக் காகிதம் கொடுக்கும். அதில் மொத்தச் சம்பளம் என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அதைத்தான் நான் பெண் கொடுத்த வீட்டாரிடம் சொல்லிவந்தேன். அதற்குள் ஒரு வரி: கிராஜுவிட்டி, பேசிக்கில் 4.81 சதவீதம். மாதம் 1,250 ரூபாய். பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பன்னிரண்டால் வகுத்தால் வருகிற எண் அது. தருகிறோம் என்றால் தரவில்லை. கணக்கில் மட்டும் இருக்கிறது. ஓட்டல் மெனு கார்டில் இருக்கிற, கேட்டால் "தீந்துபோச்சுங்க" என்று சொல்கிற மைசூர் போண்டா மாதிரி. நான் நாலரை வருஷமாக அந்த போண்டாவையும் சேர்த்துத்தான் என் சம்பளம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பி.எஃப். அப்படியில்லை. 2014க்குப் பிறகு ஆளுக்கு ஒரே நம்பர் என்று கொடுத்துவிட்டார்கள். கம்பெனி மாறினால் அந்த நம்பரோடு கணக்கும் பின்னாலேயே வந்துவிடும். வளர்த்த நாய் மாதிரி. கிராஜுவிட்டி பூனை. ஆளைப் பிடிக்காது, வீட்டைத்தான் பிடிக்கும். நீங்கள் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏறும்போது அது பழைய வீட்டுத் திண்ணையில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும்.

இது தெரிந்த பிறகும் நான் அடுத்ததாகச் செய்த காரியம் என்ன என்றால், வீடே மாறாமல் பூனையைத் தொலைத்தேன்.

2013 தையில் சேர்ந்த இடம் மோட்டார் பம்ப் செய்கிற கம்பெனி. மூன்று வருஷம் ஒழுங்காகப் போயிற்று. 2016 ஏப்ரலில் முதலாளியின் குடும்பத்தார் ஏற்றுமதிக்கென்று இன்னொரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அதே காம்பவுண்ட். அதே வேப்பமரம். அதே கேண்டீனில் அதே உப்புமா. நடுவில் ஒரு கம்பி வேலி போட்டு, அந்தப் பக்கக் கட்டடத்துக்கு வேறு பெயர்ப்பலகை. எங்களில் பதினாறு பேரை அந்தப் பக்கம் அனுப்பினார்கள். எனக்கு சீனியர் என்று பதவி உயர்வு, 3,000 ரூபாய் சம்பள உயர்வு.

ஹெச்.ஆர். அறையில் ஏ.சி. போட்டிருந்தார்கள். மேஜையில் இரண்டு காகிதம். வலப்பக்கம் புது கம்பெனியின் நியமன உத்தரவு, பளபளவென்று. இடப்பக்கம் ஏற்கெனவே டைப் அடித்துவைத்த என் ராஜினாமா. "சொந்தக் காரணங்களுக்காக" என்று அதில் இருந்தது. என்ன சொந்தக் காரணம் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் லட்டு. "சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்று ஹெச்.ஆர். தம்பி சிரித்தார். லட்டைக் கையில் எடுத்துவிட்ட பிறகு ஒரு மனிதன் எப்படிக் காகிதத்தைப் படிப்பான்? இடது கையில் லட்டு, வலது கையில் பேனா. இரண்டு கையெழுத்து. முந்திரிகூட இருந்தது.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் டிஸ்பாட்ச் அக்கா. பத்தாம் வகுப்பு. லட்டை எடுக்கவில்லை, சர்க்கரை என்றார். காகிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உதடு அசைய முழுசும் படித்தார். "தம்பி, இதுல ராஜினாமான்னு போட்டிருக்குதே. நான் எங்க ராஜினாமா பண்றேன்? நீங்கதான அந்தப் பக்கம் போகச் சொல்றீங்க. மாற்றல்னு போட்டுக் குடுங்க. இங்க இருந்த வருஷமும் சேர்த்தித்தான் சர்வீசுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் அப்பறம் போட்டுக்கறேன் கையெழுத்து."

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று ஹெச்.ஆர். தம்பி நெளிந்தார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து பூவெடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் வெளியே வந்து நண்பர்களிடம், "ஒரு லட்டு வாங்க இந்த அம்மா என்னா பிகு பண்ணுதுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தோம். பதினைந்து பேர்.

மூன்று நாளில் அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. 'தங்களது முந்தைய பணிக்காலம் தொடர்ச்சியாகக் கருதப்படும்' என்று ஒரே ஒரு வரி. எங்களுக்குப் பழைய கணக்கை முடித்து, விடுப்புச் சம்பளம் அது இது என்று ஒரு செக் கொடுத்தார்கள். அதில் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினோம். நான் பெருமையாக இருந்தேன். அக்காவுக்குக் கிரைண்டர் இல்லையே.

2018 செப்டம்பரில் நான் விலகினேன். இந்த முறை நான் ஏமாளி இல்லை. 2013 ஜனவரியில் இருந்து ஐந்து வருஷம் எட்டு மாதம். விரல் விட்டு, காலண்டரில் பார்த்து, மனைவியிடமும் காட்டி, பிறகுதான் ராஜினாமா எழுதினேன். விண்ணப்பத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அதே ஹெச்.ஆர். தம்பி. ஏ.சி. ரிப்பேர்.

"சார், அந்தக் கம்பெனில நீங்க மூணு வருஷம். இந்தக் கம்பெனில ரெண்டேகால் வருஷத்துக்கு மேல, ரெண்டரைன்னே வச்சுக்குவோம். ரெண்டுலயும் அஞ்சு ஆகலீங்களே."

"மூணும் ரெண்டரையும் எவ்வளவு தம்பி?"

"கணக்குப்படி அஞ்சரை சார். சட்டப்படி மூணும் ரெண்டரையும்தான்."

பக்கத்து வீட்டு ஐயாவிடம் ஓடினேன். அவர் இந்தத் தடவை பேப்பரை மடிக்கவே இல்லை. சட்டம் பார்ப்பது இரண்டு கேள்வியைத்தானாம். முதலாளி ஒருவர்தானா? பணி அறுந்ததா? கம்பெனியையே விற்று, ஆட்கள் வேலை அறுபடாமல் அப்படியே புது முதலாளியிடம் போனால், பழைய வருஷங்களும் அவர்களோடு போகும். அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்திலேயே அதற்கு இடமிருந்தது. ஒரே குழுமத்துக்குள் அவர்களே மாற்றி அனுப்பினால், மாற்றல் உத்தரவில் அந்த ஒரு வரி இருந்தால் போதும். ஆனால் ராஜினாமா என்று எழுதி, கணக்கு முடித்த பணத்தையும் வாங்கினால், அறுத்தது நீங்களே. "வழக்குப் போடலாம். இது வெறும் கண்துடைப்பு ராஜினாமான்னு நிரூபிக்கலாம். சொந்தக் காரணம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்ன சொல்றது?"

லட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவின் மில்லை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த 34 வருஷத்தில் மில்லின் பெயர்ப்பலகை இரண்டு தடவை மாறியது. முதலாளி மாறினார், மேனேஜர் மாறினார், சங்கு ஊதுகிற சத்தம்கூட மாறிற்று. அப்பா அதே ஸ்பின்னிங் கட்டுக்குள் அதே ஷிப்டுக்குப் போய் வந்தார். எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் சங்க ஆபீஸில் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் போடுவார். மில் மாறிற்று, அப்பா மாறவில்லை. 34 வருஷமும் கணக்கில் ஏறிற்று. நான் வேப்பமரம் மாறாமல் கம்பெனி மாறினேன்.

டிஸ்பாட்ச் அக்கா போன வருஷம் ஓய்வு பெற்றார். அந்தப் பணத்தில் பேத்திக்கு வளையல் வாங்கியதாகக் கேள்வி. எங்கள் கிரைண்டரில் கல் தேய்ந்துவிட்டது.

2018 முதல் 2021 வரை இருந்த இடத்தைக் கொரோனா மூடிவிட்டது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அங்கே பாதிப்பேருக்கு மேல் என்னைவிட மோசமாக அடிபட்டார்கள். தாண்டிப் போகிறேன்.

இப்போது இருக்கிற இடத்தில் சேர்ந்தது 2021 அக்டோபர் 4. சேர்ந்த அன்று மாலையே என் மனைவி நியமன உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு, பூஜை அறை காலண்டரில் இருந்து ஐந்து வருஷத்தைக் கணக்குப் பண்ண ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைத்தாச்சிக்கு மாசம் எண்ணுகிற மாதிரி எனக்கு எண்ணினார்கள். "நாலு முடிஞ்சு அஞ்சாவதுல இருக்கறாருங்க" என்று அவள் தங்கையிடம் போனில் சொன்னதை நானே கேட்டேன். அந்தப் பக்கம் சகலையின் சிரிப்பும் கேட்டது.

வாரிசு நியமனப் படிவம் வந்தபோது ஒரு சின்னச் சங்கடம். இதுவரை நான் போன ஒவ்வொரு கம்பெனியிலும் அவளைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன். "எத்தனை கம்பெனில இதே மாதிரி போட்டு என்னை ஏமாத்தியிருக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டத்தைப் புரட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். பணியாளர் இறந்துபோனால், அல்லது வேலை செய்ய முடியாதபடி முடமானால், ஐந்து வருஷ நிபந்தனை கிடையாது. ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். 27 வருஷத்தில் எனக்குத் தெரிந்து அவள் என்னை ஒரு சொத்தாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் முதல் ஹெல்மெட் இல்லாமல் வண்டியெடுக்க விடுவதில்லை. எந்தக் காரணத்துக்காக என்று நான் நோண்டிக் கேட்கவில்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்புப்படி எனக்கு 240வது நாள் 2026 மே 31. ஞாயிற்றுக்கிழமை. முழு ஐந்து வருஷம் அக்டோபர் 3. நான் மே கட்சி, அவள் அக்டோபர் கட்சி. "தீர்ப்பைக் காட்டி ஹெச்.ஆர். கிட்டச் சண்டை போட்டு வாங்கற ஆளுங்களா நீங்க? லட்டு வெச்சா கையெழுத்துப் போடற ஆளு. அக்டோபர் தாண்டற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் போகக்கூடாது." போன வாரம் ஒரு இடத்திலிருந்து 8,000 அதிகம் தருவதாக போன் வந்தது. ஏப்ரலில் சேர வேண்டுமாம். அந்த போனை எடுத்தது நான் இல்லை. "அவரு ஊர்ல இல்லீங்க, அக்டோபர்லதான் வருவாரு" என்று அவள் வைத்துவிட்டாள்.

இப்போது என் பேசிக் 39,000. வருஷத்துக்கு 22,500, ஐந்து வருஷத்துக்கு 1,12,500. காசிக்குப் போகலாமா, பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கலாமா என்று நான் மனசில் ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மாடியைக் காட்டினாள். போன ஐப்பசி மழையில் கிராஜுவிட்டி ரூமின் மேல்தளத்தில் ஓதம் இறங்கியிருக்கிறது. தட்டோட்டைப் பெயர்த்து எடுத்துப் புதுசாகப் பதிக்க மேஸ்திரி சொன்ன தொகை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அப்பாவின் கிராஜுவிட்டி ஓர் அறையைக் கட்டிற்று. என் கிராஜுவிட்டி அது ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும். மீதி 2,500 ரூபாய் என் சொந்தச் செலவுக்கு.

இந்த நிலவரத்தில்தான் என் மகள் வேலைக்குச் சேர்ந்தாள். போன டிசம்பரில், ஒரு வருஷத்துக்கு என்று குறித்த காலத்துக்கான ஒப்பந்தம். உத்தரவைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரே வருஷமா, என் வம்சத்தின் சாபம் உனக்கும் வந்ததா என்று அவளை உட்காரவைத்து, அஞ்சு வருஷம், வாட்ச்மேன், பூனை, லட்டு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நவம்பர் 21ல இருந்து புதுச் சட்டம் வந்திருச்சுப்பா. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. 2020லயே பாஸ் பண்ணினது, இப்பத்தான் நடைமுறைக்கு வந்திருக்குது. உங்க 1972 சட்டம் அதுக்குள்ள போயிருச்சு. நிரந்தரமா சேர்ந்தவங்களுக்கு அதே அஞ்சு வருஷம்தான். எங்கள மாதிரி குறிச்ச காலத்துக்குச் சேர்ந்தவங்களுக்கு ஒரு வருஷம் முடிச்சாலே உண்டு."

சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. என் மனைவி கதவோரம் வந்து நின்றாள். "உங்கொப்பனுக்கு அக்டோபர்ல. உனக்கு டிசம்பர்ல. ரெண்டு மாசந்தான் வித்தியாசம்" என்றாள். 27 வருஷத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் இரண்டு மாசம் என்று அவள் வேறு விதமாகவும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று இரவு துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஜன்னலோரச் சுண்ணாம்புச் சதுரத்தில் புதிதாக ஏதோ தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்பாவின் இரண்டு கோட்டுக்கு நேர் கீழே, மகளின் குண்டுக் கையெழுத்தில்: 18,200 ÷ 26 = 700. 700 × 15 × 1 = 10,500.

தாத்தா கணக்கை ஒட்டியே எழுதியிருக்கிறாள். நடுவில் ஒரு வரிகூட விடவில்லை.